பால் காய்ச்சுவதற்கு முன் ஒரு மணி நேரம்! - வாடகை வீட்டுக்குக் குடிபோகிறவர்கள் கவனத்துக்கு...

வாடகை வீடு மாறுகிறவர்கள் நல்ல நாள், நல்ல நேரம் பார்க்கத் தவறுவதில்லை. ஆடியும் மார்கழியும் கழியட்டும் என்று காத்திருந்து, பால் காய்ச்சிவிட்டுத்தான் சாமான்களை இறக்குகிறார்கள். பிரச்னை வருவது காலி செய்யும் நாளில். 'சுவர் பூரா ஆணி அடிச்சிருக்கீங்க', 'பாத்ரூம் டைல்ஸ் உடைஞ்சிருக்கு' என்று ஓனர் கணக்குப் போட, அட்வான்ஸ் தொகை கரையத் தொடங்கும். 'நாங்க வரும்போதே அது அப்படித்தான் சார் இருந்துச்சு' என்று சொல்லலாம். நிரூபிக்க ஏதாவது கையில் இருக்க வேண்டுமே!

மாதம் 15,000 ரூபாய் வாடகை, ஐந்து மாத அட்வான்ஸ் என்றால் 75,000 ரூபாய். நடுத்தரக் குடும்பத்துக்கு இது சேமிப்பின் பெரும் பகுதி. இந்தப் பணம் முழுதாகத் திரும்பி வருமா என்பது குடியேறும் நாளிலேயே பாதி முடிவாகிவிடுகிறது.

வெறும் வீட்டைப் படம் எடுங்கள்

சாமான் வண்டி வருவதற்கு முன்பே ஒவ்வொரு அறையையும் மொபைலில் வீடியோ எடுத்துவிட வேண்டும். ஓதம் ஏறிய சுவர், கீறல் விழுந்த டைல்ஸ், மூடாத ஜன்னல் கொக்கி, கறை படிந்த சிங்க் ஆகியவற்றை அருகில் சென்று தனியாகவும் படம் எடுக்கலாம்.

எடுத்த படங்களை மொபைலிலேயே வைத்திருந்தால் பாதிப் பயன்தான். அன்றைக்கே ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, 'சார், இன்னைக்கு வீடு இந்த நிலைமையில இருக்கு' என்று ஒரு வரி எழுதிவிட்டால், தேதியோடு இரு தரப்பிடமும் பதிவு இருக்கும். ஃபேன், டியூப் லைட், கீஸர், சாவிகள் எத்தனை என்று ஒரு தாளில் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

மீட்டரும் தண்ணீரும்

இ.பி. மீட்டரில் அன்றைய அளவைப் படம் எடுப்பது அவசியம். தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்துக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் கணக்கெடுப்பு. இடையில் குடிவருகிறவர், முன்பு இருந்தவர் ஓட்டிய ஏ.சி-க்கும் சேர்த்துக் கட்ட நேரலாம். மின் இணைப்பு எண்ணை வாங்கி, மின்வாரிய இணையதளத்தில் பழைய பாக்கி இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். இரண்டு போர்ஷனுக்கு ஒரே மீட்டர் என்றால், பில்லை எப்படிப் பிரிப்பது என்பதை முதலிலேயே பேசி எழுதிக்கொள்ள வேண்டும்.

எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்து பார்த்தால் தண்ணீரின் வேகம் தெரிந்துவிடும். ஃப்ளஷ் வேலை செய்கிறதா, குளியலறைத் தண்ணீர் தேங்காமல் வடிகிறதா என்பதையும் பார்க்கலாம். 'மே மாசம் தண்ணி எப்படிக்கா வரும்?' என்ற கேள்விக்கு, புரோக்கரைவிடப் பக்கத்து வீட்டு அக்காவே சரியான பதில் சொல்வார்.

அக்ரிமென்ட்டில் என்ன இருக்கிறது?

தமிழ்நாட்டில் வாடகைதாரர், உரிமையாளர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017-ம் ஆண்டுச் சட்டம், 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வாடகை ஒப்பந்தம் எழுத்துபூர்வமாக இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்கிறது இந்தச் சட்டம். '11 மாத அக்ரிமென்ட்தானே, பதிவே வேண்டாம்' என்று பலரும் நினைப்பது இங்கே பொருந்தாது. இதற்கென அரசின் தனி இணையதளமும் இருக்கிறது.

ஒப்பந்தத்தில் வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாத வரை, அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும். தகராறு வந்தாலும் தண்ணீரையோ மின்சாரத்தையோ ஓனர் நிறுத்தக் கூடாது.

பழுதுச் செலவு யாருடையது என்பதற்கும் பட்டியல் இருக்கிறது. கட்டடப் பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, தேவைப்படும்போது குடிநீர்க் குழாய்களையும் வயரிங்கையும் மாற்றுவது உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர், ஸ்விட்ச், பூட்டு போன்ற சில்லறைப் பழுதுகள் குடியிருப்பவர் பொறுப்பு. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருக்கலாம் என்பதால், 'காலி செய்யும்போது பெயின்டிங் செலவு ஒரு மாத வாடகை' போன்ற வரி எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன் படித்துவிட வேண்டும்.

கையெழுத்திடுகிறவர்தான் உரிமையாளரா என்பதைச் சொத்து வரி ரசீதில் உள்ள பெயரைப் பார்த்து உறுதி செய்யலாம். அட்வான்ஸையும் வாடகையையும் வங்கி வழியாகச் செலுத்தினால் அதுவே ஆதாரம். ரொக்கம் என்றால் ரசீது கட்டாயம் வேண்டும்.

முதல் வாரத்தில்...

பழைய குடித்தனக்காரரிடம் மாற்றுச் சாவி இருக்கக்கூடும். ஓனரிடம் சொல்லிவிட்டு வாசல் பூட்டை மாற்றுவது பாதுகாப்பு. கேஸ் இணைப்பு, ரேஷன் கார்டு, ஆதார் முகவரிகளை மாற்ற வாடகை ஒப்பந்தத்தின் நகல்களைக் கையில் வைத்திருப்பது உதவும்.

'முதல் நாளே போட்டோ எடுத்தா ஓனர் தப்பா நினைப்பாரே' என்ற தயக்கம்தான் பலரைத் தடுக்கிறது. நல்ல நிலையில் கொடுத்த வீட்டுக்கு ஓனரிடமும் ஆதாரம் இருக்க வேண்டும் அல்லவா? 'நாளைக்கு உங்களுக்கும் எங்களுக்கும் மனஸ்தாபம் வரக் கூடாதுங்க, அதான்' என்று சிரித்த முகத்தோடு சொன்னால் பெரும்பாலானோர் மறுக்க மாட்டார்கள். அதற்கே முகம் சுளிக்கிறவர், அட்வான்ஸைத் திருப்பித் தரும் நாளில் எப்படி நடந்துகொள்வார் என்பதை அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே தெரிந்துகொண்டதாகிவிடும்.