ஓரிரு நொடிதான் தலைகாட்டும்... கங்கை டால்பின்களை எப்படி எண்ணினார்கள்?

கங்கை டால்பினை எண்ணுவது லேசுப்பட்ட வேலையல்ல. கலங்கல் தண்ணீரில் மூச்சு வாங்க மேலே வரும். ஓரிரு நொடியில் முங்கிவிடும். அந்த மூச்சுச் சத்தத்தை வைத்தே வடக்கே அதற்கு 'சூசு' என்று பெயர்.

2021 முதல் 2023 வரை இந்திய வனவிலங்கு நிறுவன ஆய்வாளர்கள் படகேறி, 8 மாநிலங்களில் 28 நதிகளை அலசினார்கள். மொத்தம் 8,500 கி.மீ-க்கும் மேல்!

படகு கடக்கும் நேரத்தில் டால்பின் தண்ணீருக்கு அடியில் இருந்தால்? கணக்கில் விட்டுப்போகும். அதனால் 'ஹைட்ரோபோன்' எனும் நீரடி மைக்கையும் இறக்கினார்கள். இந்த டால்பினுக்குக் கண் பார்வை கிட்டத்தட்ட கிடையாது. 'க்ளிக் க்ளிக்' என ஒலியெழுப்பி, எதிரொலியை வைத்துத்தான் மீனைத் தேடும். அந்தச் சத்தமே ஆளைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

2025 மார்ச்சில் கணக்கு வெளியானது: 6,327. உத்தரப்பிரதேசத்தில் மட்டும் 2,397.

சந்தோஷம்தான். ஆனால், அதற்குள் உறுத்தலான எண் ஒன்றும் இருக்கிறது. பஞ்சாபின் பியாஸ் நதியில் வாழும் சிந்து நதி டால்பின்களும் இந்தக் கணக்கில் அடக்கம். எத்தனை தெரியுமா? வெறும் 3. பாகிஸ்தான் பக்கம் இந்த இனம் ஓரளவு இருக்கிறது. நடுவே தடுப்பணைகள் நிற்பதால், அங்கிருந்து நீந்தி வர வழியில்லை.