ரேடியேட்டர் கணக்கும் ஈர நெல்லும்

ஹீட் டிரான்ஸ்ஃபர் புத்தகத்துல வர்ற கணக்குகளைக் கவனிச்சிருக்கீங்களா? வெளியே பனி, வீட்டுக்குள்ளே 20 டிகிரி வேணும், எத்தனை வாட் ரேடியேட்டர் மாட்டணும்? தஞ்சாவூர்ல ஃபேனுக்குக் கீழே வேர்க்க வேர்க்க இதைப் போடுறோம்.

கணக்கு மேல தப்பில்லை. ஐரோப்பிய ரேடியேட்டர் கேட்டலாக்ல இருக்கிற வாட், உள்ளே ஓடுற தண்ணி அறையை விட சராசரியா 50 டிகிரி சூடா இருந்தாத்தான் கிடைக்கும். வித்தியாசம் 30 ஆனா வெப்பம் ஏறக்குறைய பாதிதான். லேபிளை மட்டும் பார்த்து வாங்கினவர் நடுங்க வேண்டியதுதான்.

இதே மாதிரி வெப்பக் கணக்கு நமக்குத் தேவைப்படுற இடம், அக்டோபர் மாச நெல் கொள்முதல் நிலையம். குறுவை அறுவடையும் வடகிழக்குப் பருவமழையும் ஒண்ணா வந்து நிக்கும். ஈரப்பத வரம்பு 17 சதவீதம். 2022-ல மத்திய அரசு 19 வரைக்கும் தளர்த்துச்சு. 2025 அக்டோபர்ல மாநில அரசு 22 கேட்டுச்சு. கடிதம், குழு, ஆய்வு எல்லாம் முடியறதுக்குள்ள தார்ப்பாய்க்கு அடியில நெல் முளைச்சிடுது.

வரம்பைத் தளர்த்தச் சொல்றதோட, காய வைக்கிற வழியையும் கேட்கணும்ங்கறது என் கட்சி. போட்டுப் பாருங்க. 22 சதவீத ஈரத்துல ஒரு டன் நெல், அதாவது 40 கிலோ மூட்டை 25. அதுல தண்ணி போக இருக்கிறது 780 கிலோ. 17 சதவீதத்துக்கு வர 60 கிலோ தண்ணி வெளியேறணும். கிலோவுக்கு சுமார் 2.4 மெகாஜூல்னா 144 மெகாஜூல். பாதி வெப்பம் வீணாப் போகும்னு வெச்சாலும் 288. உமியை எரிச்சா கிலோவுக்கு சுமார் 13 மெகாஜூல். 22, 23 கிலோ உமி போதும். அந்த ஒரு டன் நெல்லை அரைச்சா கிடைக்கிற உமியோ சுமார் 200 கிலோ!

என்ன, உமி மில்லுல இருக்கு, நெல் ரோட்டுல கிடக்கு. ஃபேன் ஓட கரண்ட்டும் வேணும். அதெல்லாம் தீர்க்கக்கூடிய விஷயம்தான்.

சிக்கல் சைஸ்ல. நெல் 25 சதவீத ஈரத்தோட வந்தா வெளியேற வேண்டிய தண்ணி 96 கிலோ. அதே ட்ரையர், அதே அடுப்பு, ஆனா நாளுக்குக் காயுற மூட்டை மூணுல ஒரு பங்குக்கு மேல குறையும். சூட்டை ஏத்தி ஈடுகட்டலாம்னு பார்த்தா அரிசி நொறுங்கும். அதனால ட்ரையரை கேட்டலாக் பார்த்து வாங்காம, அடைமழை வாரத்து நெல்லுக்குக் கணக்குப் போட்டு வாங்கணும்.

ப்ராஜெக்ட் டைட்டில் இன்னும் கொடுக்காதவங்க ஒரு ஈரப்பத மீட்டரோட பக்கத்து கொள்முதல் நிலையத்துக்குப் போய், பத்து நாள் வர்ற மூட்டையையும் ஈரத்தையும் குறிச்சுட்டு வாங்க. ட்ரையர் சைஸ் அதுலேர்ந்துதான் போடணும்.