படகில் ஏறுமுன்: தவக்குலும் உயிர்காப்பு அங்கியும்



இளவேனில் வந்துவிட்டால் கம்பம் பள்ளத்தாக்கு மக்களுக்கு மலைமேல் ஓர் ஆசை பிறந்துவிடும். கூடலூரைக் கடந்து, லோயர் கேம்ப்பில் மலைச்சரிவில் இறங்கும் பெரிய நீர்க்குழாய்களைப் பார்த்தவாறே வளைந்து வளைந்து ஏறினால் குமுளி. அதை அடுத்துத் தேக்கடிப் படகுத்துறை. கஸ்ரு தொழும் அளவுக்கு அது தொலைவன்று. ஆயினும் நம் மதரஸா மாணவர்களுக்கும் ஜமாஅத்தின் பல குடும்பங்களுக்கும் ஆண்டின் பெரும் பயணம் அதுவே.

1895-இல் முல்லைப் பெரியாறு அணை எழுந்தபோது உருவான நீர்ப்பரப்பு அது. அன்று மூழ்கிய காட்டின் பட்ட மரங்கள் இன்றும் நீருக்கு மேல் கருத்து நிற்கின்றன. சுரங்கத்தின் வழியே மலையைத் துளைத்து இறங்கி நம் வயல்களை நனைப்பதும் அந்த நீர்தான். கோடையில் யானைகள் கரைக்கு வந்து நீர் அருந்தும். அல்லாஹ்வின் படைப்பைக் கண்டு சிந்திப்பதற்காகச் செல்லும் பயணம் நற்பயணமே. அப்பயணத்தில் நாம் காட்டும் ஓர் அலட்சியத்தைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன். என் தவறிலிருந்தே தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மாணவர்களை அங்கு அழைத்துச் சென்றிருந்தேன். படகில் ஏறியதும் நூஹ் (அலை) அவர்கள் கப்பலில் ஏறும்போது ஓதிய, சூரா ஹூதில் இடம்பெற்றுள்ள துஆவை அனைவரும் ஓதினோம். உயிர்காப்பு அங்கியை அணியுமாறு பணியாளர் கூறியபோது, உடன் வந்த பெரியவர் ஒருவர் சிரித்தார். "மௌத்து எழுதியிருந்தால் இந்தச் சட்டையா தடுக்கப் போகிறது, ஹஜ்ரத்?" என்றார். மாணவர்களும் சிரித்தனர். நான் மறுமொழி கூறவில்லை. சற்று நேரத்தில் இடக்கரையில் யானைக் கூட்டம் தென்பட்டது. இருக்கையிலிருந்து முதலில் எழுந்தவன் நான். என்னைக் கண்டு மாணவர்கள் அனைவரும் எழுந்து அப்பக்கம் சாய்ந்தனர். படகும் சாய்ந்தது. பணியாளர் அதட்டியபின் அமர்ந்தோம். அல்ஹம்துலில்லாஹ், வேறொன்றும் நிகழவில்லை.

ஆனால் அதே ஏரியில் 2009 செப்டம்பர் 30 அன்று நிகழ்ந்தது. 'ஜலகன்யகா' என்னும் ஈரடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் உயிரிழந்தனர். விலங்குகளைக் காணும் ஆவலில் பயணிகள் ஒரு பக்கமாகத் திரண்டதும் காரணங்களுள் ஒன்றாகக் கூறப்பட்டது. அதற்கு முன் 2007-இல் தட்டேக்காட்டில் பள்ளிச் சுற்றுலா சென்ற மாணவர்களும் ஆசிரியர்களுமாகப் பதினெட்டுப் பேர் நீரில் மாண்டனர். 2023 மே 7 அன்று மலப்புறம் மாவட்டம் தானூரில், அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிய படகு மாலை மங்கிய வேளையில் கவிழ்ந்து 22 பேர் மறைந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும்.

அன்று அந்தப் பெரியவருக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய மறுமொழி இது. விதியை நம்புவது ஈமானின் கடமை. விதியைச் சாக்காக்குவது ஈமான் அன்று. நூஹ் (அலை) அவர்களைக் காப்பதாக அல்லாஹ் வாக்களித்திருந்தான். ஆயினும் பலகையும் ஆணியும் கொண்டு கப்பலைக் கட்டுமாறு அவர்களையே ஏவினான். அல்லாஹ்வின் பாதுகாப்பில் எவரினும் உறுதியான நம்பிக்கை கொண்டிருந்த நபி (ஸல்) அவர்கள் உஹதுப் போரில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கவசங்களை அணிந்திருந்தார்கள் என்று ஹதீஸ் நூல்கள் பதிவு செய்கின்றன. போர்க்களத்தில் கவசம் தவக்குலுக்கு முரணாகவில்லை எனில், ஏரியில் உயிர்காப்பு அங்கி எங்ஙனம் முரணாகும்?

நீரில் மூழ்கி இறப்பவருக்கு ஷஹீதின் தகுதி உண்டு என்பதையும் சிலர் எடுத்துக்காட்டுவர். அது இழந்த குடும்பத்தாருக்கு மார்க்கம் தரும் ஆறுதல். கவனக்குறைவாக நடப்பதற்கான அனுமதிச் சீட்டு அன்று. தம் கைகளாலேயே தம்மை அழிவில் தள்ளிக்கொள்வதைக் குர்ஆன் (2:195) தடுத்திருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. இது தன்னுயிரை மட்டும் பொறுத்த விஷயம் அன்று. கப்பலின் மேல்தட்டிலும் கீழ்த்தட்டிலும் இடம்பெற்ற மக்களைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் கூறிய உவமை புகாரியில் உள்ளது. கீழ்த்தட்டினர் தண்ணீருக்காகத் தம் பகுதியில் துளையிட முனைய, மற்றவர்கள் தடுக்காது விட்டுவிட்டால் அனைவரும் அழிவர். கையைப் பிடித்துத் தடுத்தால் அனைவரும் பிழைப்பர். மேல்தட்டில் கூட்டம் எழுந்து ஒரு பக்கம் நகரும்போது படகின் எடையும் மேலேறி ஒருபுறமாகச் சாய்கிறது. எழுந்தவர் ஒருவர், கவிழ்வது அனைவரின் படகு. அன்று நான் துளையிட்டவனாகவும் இருந்தேன், தடுக்காதவனாகவும் இருந்தேன்.

எனவே, பயணம் ஏற்பாடு செய்யும் மதரஸாக்களுக்கும் ஜமாஅத்துகளுக்கும் என் பணிவான வேண்டுகோள் இது. மூவர் பயணம் சென்றாலும் ஒருவரை அமீராக்கிக்கொள்ளுதல் நபிவழி. படகுத்துறையிலும் அந்த அமீருக்கு வேலை இருக்கட்டும். தம் கூட்டத்தார் ஒவ்வொருவரும் அங்கி அணிந்து வாரைக் கட்டியதைக் கண்ணால் பார்த்தபின்னரே அவர் அமரவேண்டும். அனுமதித்த அளவுக்கு மேல் ஆள் ஏற்றினாலோ, பொழுது சாய்ந்தபின் அழைத்தாலோ, கட்டிய பணம் போனாலும் ஏற மறுக்கவேண்டும். யானை தென்பட்டால் எவரும் எழக்கூடாது; படகு திரும்பும்போது மறுபக்கத்தாருக்கும் அது தெரியும். நம் பெண்கள் புர்காவின் மேல் அங்கி அணியக் கூச்சப்படுவதைக் கண்டிருக்கிறேன். அதனால் ஹிஜாபுக்கு எக்குறையும் நேராது என்பதை வீட்டிலேயே எடுத்துரையுங்கள்.

மாணவர்களின் பெற்றோர் தம் பிள்ளைகளை நம்மிடம் அமானிதமாக ஒப்படைக்கின்றனர். துஆ ஓதிய அதே நாவு "அங்கியை அணி" என்றும் சொல்லட்டும். இவ்வாண்டு என் மாணவர்கள் மலையேறும்போது அதை முதலில் அணிபவன் நானாக இருப்பேன், இன்ஷா அல்லாஹ்.

நம் பயணங்களை அல்லாஹ் பாதுகாப்பானவையாக ஆக்குவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.