பெரட்டு எடுக்காத நகல்

ஜாசின், மெர்லிமாவ், தெபோங் பக்கம் போகும்போதெல்லாம் பையில் ஒலிப்பதிவுக் கருவி இருக்கும். வானொலிக்காக மட்டும் அல்ல. 1896இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்ட மாநிலம் இது. பால் வெட்டிய தலைமுறையின் தாலாட்டும் ஒப்பாரியும் இன்னும் சில லயத்து வீடுகளில் மிச்சம் இருக்கின்றன.

மூன்று மெமரி கார்டு நிறைந்ததும் அண்ணன் மகனிடம் கொடுத்தேன். டுரியான் துங்காலில் கணினி படிக்கிறான். ஆளுக்கொரு கோப்புறை; எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்க்குக்கு நகலெடுக்க ஜாவாவில் சின்ன புரோகிராம் எழுதினான்.

"முடிஞ்சிருச்சு அத்தை."

"அதுக்குள்ளயா?"

"எரர் ஒண்ணும் வரலையே."

திரையில் செர்க்காம் பாட்டி, தண்டல் தாத்தா என்று நான் வைத்த பெயர்கள் வரிசையாக இருந்தன. நம்பி, ஒரு கார்டை அழித்து, அந்த வாரக் கோயில் திருவிழாவைப் பதிவு செய்தேன். பிறகுதான் கோப்புறைகளைத் திறந்தேன். எல்லாம் காலி.

ஜாவா 1995இல் வந்த பொருள்நோக்கு நிரல்மொழி. முன்பெல்லாம் அதில் கோப்பை நகலெடுக்க, பாலை வாளி வாளியாகச் சுமப்பதுபோல், கொஞ்சம் கொஞ்சமாகப் படித்து ஊற்றும் வரிகளை நாமே எழுத வேண்டும். 2011இல் வந்த ஜாவா 7, 'ஃபைல்ஸ்.காப்பி' என்ற ஒரே கட்டளையைக் கொடுத்தது. ஒரு கோப்பைக் கொடுத்தால் ஒழுங்காக நகலெடுக்கும். கோப்புறையைக் கொடுத்தால் அதே பெயரில் காலிக் கோப்புறை ஒன்றை உருவாக்கிவிட்டு நின்றுவிடும். உள்ளே இருப்பதைத் தொடாது. அதன் கணக்கில் இது தவறே அல்ல, விதியே அப்படித்தான். உள்ளே நுழைந்து ஒவ்வொன்றாக எடுக்க 'வாக் ஃபைல் ட்ரீ' என்று தனியாக ஒன்று இருக்கிறது. தம்பி அதைப் பயன்படுத்தவில்லை, நானும் திறந்து பார்க்கவில்லை. அவனை மட்டும் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

ஒரு விஷயத்தில் ஜாவாவைப் பாராட்டலாம். அதே பெயரில் கோப்பு ஏற்கெனவே இருந்தால் நகலெடுக்க மறுக்கும். 'ரீபிளேஸ் எக்ஸிஸ்டிங்' என்று நாம் சொன்னால்தான் மேலெழுதும். பைத்தானின் 'ஷட்டில்.காப்பி' கேட்காமலே மேலெழுதிவிடும். பதிவு செய்த தேதி முக்கியம் என்றால் 'காப்பி ஆட்ரிபியூட்ஸ்' என்றும் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் நகலெடுத்த நாளே தேதியாகிவிடக்கூடும். குடும்பப் படங்களை வைத்திருப்பவர்கள் இதைக் கவனியுங்கள்.

தோட்டத்தில் விடியற்காலை பெரட்டு எடுப்பார்கள். பெயரைக் கூப்பிட்டால் போதாது, ஆள் எதிரே நிற்க வேண்டும். இப்போது தம்பியின் புரோகிராம் இரண்டு பக்கமும் கோப்புகளை எண்ணுகிறது. பிறகு ஜாவா 12இல் வந்த 'ஃபைல்ஸ்.மிஸ்மேட்ச்' மூலம் பைட் பைட்டாக ஒப்பிடுகிறது. -1 என்று வந்தால் இரண்டும் ஒன்றுதான். எல்லாவற்றுக்கும் -1 வரும்வரை கார்டு என் பையை விட்டு வெளியே வராது.

அழிந்த கார்டிலிருந்து மீட்பு மென்பொருள் சில துண்டுகளை எடுத்துக் கொடுத்தது. தண்டல் தாத்தா அதில் இல்லை. அவர் இப்போது உயிரோடும் இல்லை. செர்க்காம் பாட்டியிடம் மறுபடி போனேன்.

"போன தடவைதானே பாடுனேன்?" என்றார்.

"இன்னொரு தடவை பாடுங்க பாட்டி" என்றேன். காரணத்தைச் சொல்லவில்லை.