சுட்ட துப்பாக்கியைத் துடைப்பதற்கு முன்

துப்பாக்கிச் சூட்டுச் செய்திகளை எழுதி எழுதிப் பத்திரிகையாளர்களாகிய எங்களுக்குப் பழகிப்போன சில தொடர்கள் உண்டு. "குறைந்தபட்சப் பலம் பிரயோகிக்கப்பட்டது", "வானத்தை நோக்கிச் சுட்டனர்", "முழங்காலுக்குக் கீழே சுடுமாறு பணிக்கப்பட்டது" என்பன அவற்றுட் சில. பொலிஸ் பேச்சாளர் சொல்வார்; நாங்கள் எழுதுவோம்; வாசகர் வாசித்துவிட்டு அடுத்த பக்கத்திற்குப் போவார். இத்தொடர்களுக்குள் இருக்கும் துப்பாக்கியை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. அதனை இன்று சற்று எடுத்துப் பார்க்கலாம்.

முதலில் குறியின் அளவு. ஒலிம்பிக் போட்டிகளில் 10 மீற்றர் காற்றுத் துப்பாக்கிப் பிரிவின் குறித்தாளில் பத்துப் புள்ளிக்குரிய நடுப்புள்ளியின் விட்டம் அரை மில்லிமீற்றர் மட்டுமே. 50 மீற்றர் றைபிள் பிரிவில் அது 10.4 மில்லிமீற்றர். சர்வதேசப் போட்டிகளின் 300 மீற்றர் பிரிவில் அது 10 சென்ரிமீற்றர். 2008இல் பெய்ஜிங்கில் தங்கம் வென்ற அபினவ் பிந்திராவும், கடலூரில் பிறந்து உலகத் தரவரிசையில் முதலிடம் வரை சென்ற இளவேனில் வாலறிவனும் அந்த அரை மில்லிமீற்றருக்காகவே ஆண்டுக்கணக்கிற் பயின்றவர்கள். விறைப்பான தோற் சட்டை, அளந்து பொருத்திய துப்பாக்கி, அடக்கிய மூச்சு, அசையாத குறி ஆகிய இவ்வளவும் இருந்தும் அவர்களுக்கும் தவறுவதுண்டு.

இனி, முழங்காலுக்குக் கீழே உள்ள பகுதிக்கு வருவோம். வளர்ந்த மனிதனொருவனின் கெண்டைக்காலின் அகலம் ஏறத்தாழ 10 முதல் 12 சென்ரிமீற்றர் இருக்கும். அதாவது 300 மீற்றர் போட்டியின் பத்துப் புள்ளி வட்டத்துக்குக் கிட்டிய அளவு. வித்தியாசம் என்னவென்றால், குறித்தாள் ஓடுவதில்லை. அதற்குப் பின்னால் வேறு மனிதர்கள் நிற்பதுமில்லை.

இலங்கைப் பொலிஸாரின் கைகளில் நாம் அதிகம் காண்பது ரி-56 எனப்படும் சீனத் தயாரிப்பு. ஒவ்வொரு வெடியாகவும் தொடர்ச்சியாகவும் சுடக்கூடியது, 30 ரவைகள் கொள்ளும் மகசின், 7.62 மில்லிமீற்றர் ரவை, செக்கனுக்கு 700 மீற்றருக்கு மேற்பட்ட வேகத்திற் புறப்படும். போர்க்களத்தில் சேற்றிலும் மணலிலும் நின்று இயங்க வேண்டுமென்பதே இதன் வடிவமைப்பின் முதல் நோக்கம். நுண்ணிய குறி இரண்டாம் பட்சம். நல்ல பயிற்சியுள்ள ஒருவர், துப்பாக்கியை மணல் மூட்டையில் வைத்து, 100 மீற்றர் தொலைவில் அசையாத குறியைச் சுட்டாலும் ரவைகள் 10 முதல் 15 சென்ரிமீற்றர் வரை பரவிப் படும். ஒரு காலின் அகலம் அதிலேயே தீர்ந்துவிடுகிறது.

இன்னுமொன்று உண்டு. இவ்வகைத் துப்பாக்கியின் குறிகாட்டியைப் போர்க்கள நிலையில் வைத்தால் அது ஏறத்தாழ 300 மீற்றருக்குச் சரிசெய்யப்பட்டிருக்கும். ரவை நேர்கோட்டிற் செல்வதில்லை. வில்லாக வளைந்து செல்லும். ஆகவே இடைத் தூரங்களில் அது குறிபார்த்த இடத்திலிருந்து ஏறத்தாழக் கால் மீற்றர் மேலேயே படும். அந்த நிலையில் 100, 150 மீற்றரில் முழங்காலைக் குறிபார்த்தால் ரவை தொடையை நாடும். தொடையிலே பெரு நாடி ஓடுகிறது. கட்டளையிட்ட அதிகாரி இதனை அறிந்திருந்தாரா, குறிகாட்டி எந்த இலக்கத்தில் இருந்தது என்று எந்தச் செய்தியாளர் மாநாட்டிலும் கேட்கப்பட்டதை நான் கண்டதில்லை.

"வானத்தை நோக்கி" என்பதும் இவ்வாறானதே. 1974 ஜனவரி 10ஆம் திகதி யாழ்ப்பாணத்தில், நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதி நாளிற் பொலிஸார் மேல்நோக்கிச் சுட்டனர். மின்கம்பி அறுந்து வீழ்ந்தது. கூட்டத்திலே மனிதர்கள் மின்சாரம் தாக்கி இறந்தனர். வானம் வெறுமையானதென்று நினைப்பவர்கள் அதன் கீழே யார் நிற்கிறார்களென்று பார்ப்பதில்லை.

இந்தப் பட்டியல் ஒரு இனத்துக்கோ ஒரு நாட்டுக்கோ உரியதன்று. 1976 நவம்பர் 12ஆம் திகதி பேராதனை வளாகத்தில் பொலிஸார் சுட்டதில் வீரசூரிய என்ற மாணவர் உயிரிழந்தார். ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்தும் அவருடைய பெயர் வளாகத்தில் மறக்கப்படவில்லை. 2013 ஓகஸ்ட் 1ஆம் திகதி வெலிவேரியவில் சுத்தமான குடிநீர் கேட்ட மக்கள் மீது இராணுவம் சுட்டதில் மூவர் இறந்தனர். 2018 மே 22ஆம் திகதி தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கெதிரான ஊர்வலத்தின் மீது சுடப்பட்டது. அச்சம்பவத்தில் 13 பேர் மாண்டனர். வேன் ஒன்றின் மீதேறிக் குறிபார்த்த காவலரின் படத்தைத் தமிழுலகம் முழுவதும் பார்த்தது. நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 ஒக்ரோபரில் தமிழ்நாட்டுச் சட்டப்பேரவையில் வைக்கப்பட்டது. தப்பியோடியவர்கள் மீதும் சுடப்பட்டதை அது பதிவுசெய்தது. 2022 ஏப்ரல் 19ஆம் திகதி, பேராதனையிலிருந்து கொழும்பு செல்லும் புகையிரதப் பாதையிலுள்ள றம்புக்கனையில், எரிபொருள் விலையேற்றத்தை எதிர்த்தவர்கள் மீது பொலிஸார் சுட்டனர். ஒருவர் இறந்தார், பலர் காயமுற்றனர். சிரேஷ்ட பொலிஸ் அத்தியட்சகர் ஒருவரும் பின்னர் கைதுசெய்யப்பட்டார்.

பொலிஸார் தரப்பில் சொல்லப்படும் நியாயத்தையும் ஒதுக்கிவிட முடியாது. கல்லெறிபடும் கொன்ஸ்தாபிளும் மனிதனே. எரிபொருள் பவுசருக்குத் தீ மூட்டப்பட்டால் ஊரே எரியும். உயிரைக் காக்க வேறு வழியே இல்லாத கணம் வரலாம். 1990இல் ஹவானாவில் ஏற்றுக்கொள்ளப்பட்ட ஐக்கிய நாடுகளின் அடிப்படைக் கோட்பாடுகளும் அதனை மறுக்கவில்லை. உயிரைக் காக்க முற்றிலும் தவிர்க்க முடியாதபோது மாத்திரமே உயிர்போக்கும் நோக்கில் சுடலாம் என்கின்றன. ஆனால் அந்தக் கணம் வந்துவிட்டது என்றால் அது உயிரைப் பறிக்கும் செயலென்று ஒப்புக்கொண்டே செய்யப்பட வேண்டும். முழங்காலைச் சொல்லி அதனை மென்மையாக்கக் கூடாது. அந்தக் கணம் வரவில்லையென்றால் போர்த் துப்பாக்கி அந்த இடத்திற்கு வந்திருக்கவே கூடாது. இவை இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது வழி இருப்பதாகக் காட்டுவதே "முழங்காலுக்குக் கீழே" என்ற சொல்லின் வேலை.

இப்போது கரிக்கு வருகிறேன். இவ்வகைத் துப்பாக்கியில் ரவையைத் தள்ளும் வாயுவில் ஒரு பகுதி, குழலிலுள்ள சிறு துளையினூடாகச் சென்று உந்துதண்டைப் பின்னே தள்ளுகிறது. அதனாலேயே வெற்றுத் தோட்டா வெளியேறி அடுத்தது உள்ளே ஏறுகிறது. வாயுவுடன் வரும் கரி, உந்துதண்டிலும் வாயுக் குழாயிலும் படியும். பழைய சீன, சோவியத் இராணுவத் தோட்டாக்களின் வெடிமருந்து மூட்டியிலிருந்து உப்பும் எஞ்சும்; கண்டிப் பக்கத்து ஈரக் காற்றில் அது ஒரே இரவில் துருவாகிவிடும். ஆகவே சுட்டதும் துடை என்பது எந்தப் படையிலும் முதற் பாடம். எண்ணெய், துணி, தூரிகை, துப்பரவுக் கோல் எல்லாம் துப்பாக்கியோடேயே வழங்கப்படும். கோல் உரசிக் குழல்வாய் தேய்ந்தால் குறி பிசகுமென்பதால், கோலை நடுவிற் பிடித்துச் செல்ல ஒரு மூடியும் உண்டு. இரும்பின்மீது காட்டப்படும் இந்த அக்கறை எனக்கு எப்போதும் வியப்பூட்டுவது.

ஆனால் மக்கள் மீது சுடப்பட்ட துப்பாக்கிக்கு இந்தப் பாடம் பொருந்தாது. துடைத்தால் குழலின் உட்புரி ரவையிற் பதிக்கும் கீறலும், ஊசி வெற்றுத் தோட்டாவிற் பதிக்கும் தடமும் மறைந்துவிடா என்பது உண்மையே. எனினும் உடலை ஊடுருவிப் போன ரவை கிடைக்காமற் போகலாம். வெற்றுத் தோட்டாக்கள் பொறுக்கப்பட்டுவிடலாம். அப்போது எஞ்சியிருப்பவை துப்பாக்கியின் கரியும், ஆயுதக் களஞ்சியத்தின் பதிவேடும், பார்த்தவரின் வாய்மொழியும் மாத்திரமே. 2016 ஒக்ரோபரில் குளப்பிட்டியில் யாழ். பல்கலைக்கழக மாணவர் இருவர் இறந்தபோது முதலில் வந்த செய்தி விபத்து என்பதே. பிரேத பரிசோதனையிலேயே துப்பாக்கிச் சூடு தெரியவந்தது. உடல் பேசியிராவிட்டால் அது விபத்தாகவே முடிந்திருக்கும்.

ஆகவே நான் கேட்பவை சில எளிய காரியங்கள். கூட்டத்தின் மீது ஒரு வெடியேனும் வைக்கப்பட்டால், அங்கு கொண்டுசெல்லப்பட்ட எல்லாத் துப்பாக்கிகளும் துடைக்கப்படாமலே முத்திரையிடப்பட்டு நீதவானிடம் ஒப்படைக்கப்பட வேண்டும். குறிகாட்டி நின்ற நிலையும் குறிக்கப்பட வேண்டும். எவருக்கு எந்த இலக்கத் துப்பாக்கி, எத்தனை தோட்டாக்கள் வழங்கப்பட்டன, எத்தனை திரும்பின என்ற பதிவேட்டின் பிரதி அன்றே நீதிமன்றுக்குப் போக வேண்டும். அந்தப் பொலிஸ் நிலையத்தைச் சேராதவர்களே விசாரிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆர்ப்பாட்டங்களைக் கட்டுப்படுத்தச் செல்பவரின் கையில் ரி-56 இருக்கக் கூடாது.

இவற்றுக்குப் பெருஞ் செலவில்லை. ஒரு சாக்கு, ஒரு அரக்கு முத்திரை, ஒரு கையொப்பம் போதும். துப்பாக்கி துருப்பிடிக்குமே என்று யாராவது கேட்கக்கூடும். பிடிக்கட்டும். துருப்பிடித்த துப்பாக்கிக்குப் பதிலாக வேறொன்றை வாங்கிக்கொள்ளலாம்.

என் தொழிலைச் சேர்ந்த இளையவர்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த தடவை பேச்சாளர் "முழங்காலுக்குக் கீழே" என்று சொல்லும்போது, எத்தனை மீற்றரிலிருந்து, எந்தத் துப்பாக்கியால், எத்தனை ரவைகள் என்று கேளுங்கள். விடை கிடைக்காவிட்டால், விடை கிடைக்கவில்லை என்பதையே செய்தியின் முதல் வரியாக எழுதுங்கள்.