21 வந்தாலும் கை கடிக்குது... லாஸ் வேகாஸ் பிளாக்ஜாக் மேசையில் என்ன நடக்கிறது?

கையில் ஒரு ஏஸ், பக்கத்தில் ராஜா. ‘அட, பிளாக்ஜாக் வந்துடுச்சு!’ என்று துள்ளுகிறார் லாஸ் வேகாஸ் போன சுற்றுலாப் பயணி. 15 டாலர் கட்டியவருக்கு 18 டாலர் லாபம். சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறார். பழைய கணக்குப்படி அவருக்கு வந்திருக்க வேண்டியது 22.50 டாலர்!

ஆட்டம் ரொம்ப சிம்பிள். ஜாக்கி, ராணி, ராஜா மூன்றுக்கும் 10. ஏஸுக்கு 1 அல்லது 11. 21-ஐத் தாண்டாமல் டீலரை முந்தணும். டீலர் 16 வரை சீட்டு எடுத்தே ஆகணும், பொதுவாக 17-ல் நிறுத்தணும். ‘அப்போ ரெண்டு பேருக்கும் சமம்தானே?’ என்று தோணும். இல்லை. முதலில் எடுப்பவர் நீங்கள். 21-ஐத் தாண்டினால் அந்த நொடியே காசு போச்சு. பின்னால் டீலரும் தாண்டினால்கூடத் திரும்ப வராது. சூதாட்ட விடுதியின் வருமானமே அங்கேதான்.

அந்தச் சாதகத்தைக் கொஞ்சம் ஈடுகட்டத்தான், பிளாக்ஜாக் விழுந்தால் 2 டாலருக்கு 3 டாலர் என்ற விதி இருந்தது. 2000-களின் தொடக்கத்தில் சில மேசைகளில், 5 டாலருக்கு 6 டாலர் என்று மாற்றினார்கள். இன்று முக்கிய வீதியில் சின்னத் தொகை கட்டும் மேசைகளில் பெரும்பாலும் இதுதான். பழைய விதி வேண்டுமா? பெரிய தொகை கட்டுபவர்களின் தனி அறைக்குப் போகணும். காசு குறைவாக வைத்திருப்பவனிடம்தான் கூடுதல் விலை!

கணக்குப் போடுவோம். பிளாக்ஜாக் சராசரியாக 21 ஆட்டத்துக்கு ஒருமுறை விழும். மணிக்கு 60 ஆட்டம், ஒவ்வொன்றுக்கும் 15 டாலர் என்று வைத்துக்கொண்டால், பழைய விதியில் சரியாக ஆடுபவருக்கு மணிக்குச் சுமார் 4.50 டாலர் நஷ்டம். புதிய விதியில் அது சுமார் 17 டாலர். ஆடும் திறமை அதேதான்.

சரியாக ஆடுவது எப்படி என்பதை 1956-லேயே அமெரிக்க ராணுவத்தில் இருந்த நான்கு பேர் கணக்கிட்டு வெளியிட்டுவிட்டார்கள். டீலரிடம் தெரியும் சீட்டு 6 என்றால், உங்களிடம் 16 இருந்தாலும் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். அதுவே 10 என்றால், பயந்தாலும் இன்னொரு சீட்டு எடுங்கள். ஜோடி 8 வந்தால் பிரியுங்கள். ஜோடி ராஜாவைப் பிரிக்கவே பிரிக்காதீர்கள். கையில் இருக்கும் 20-ஐ யாராவது உடைப்பாங்களா?

புதுசா வர்றவங்க விழும் இன்னொரு குழி ‘இன்ஷூரன்ஸ்’. டீலரிடம் ஏஸ் தெரிந்ததும் இதைக் கேட்பார்கள். பெயர்தான் காப்பீடு; உண்மையில் டீலரின் மூடிய சீட்டு 10 மதிப்புடையதா என்று தனியாக ஒரு பந்தயம். ஜெயித்தால் இரு மடங்கு கிடைக்கும். நஷ்டமில்லாமல் இருக்க மூன்றில் ஒரு வாய்ப்பாவது வேணும். இருப்பதோ 13-ல் 4.

பிளாக்ஜாக்குக்கு எவ்வளவு தருவார்கள் என்பது மேசை விரிப்பிலேயே அச்சாகியிருக்கும். ஆனால், உட்கார வருபவர்களில் பலர் பார்ப்பது பக்கத்துப் பலகையில் இருக்கும் குறைந்தபட்சத் தொகையை மட்டும்தான்.