கதவைத் திறந்தது எது?



மார்க்கத்தைக் காரணம் காட்டிக் குழந்தைக்குத் தடுப்பு மருந்து வேண்டாம் என்பவர்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே நமக்குக் கோபம்தான் முந்திக்கொள்கிறது. அறியாமை என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுகிறோம். இந்தியா போலியோவை ஒழித்த விதத்தை அறிந்தவர்கள் அப்படித் தள்ளிவிட மாட்டார்கள்.

2002இல் நம் நாட்டில் போலியோ தாக்கிய பிள்ளைகள் சுமார் 1,600 பேர். அவர்களில் 1,200க்கும் மேற்பட்டோர் உத்தரப்பிரதேசத்தைச் சேர்ந்தவர்கள். மொராதாபாத் போன்ற மேற்கு மாவட்டங்களில், சொட்டு மருந்துப் பெட்டியோடு வந்தவர்களுக்குப் பல முஸ்லிம் வீடுகள் கதவைத் திறக்கவில்லை. மருந்து ஹராம், மார்க்கம் விலக்கியது என்றார்கள். பிள்ளைகளை மலடாக்கும் சதி என்றார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் மருந்து கொடுத்தாகிவிட்ட வீட்டுச் சுவரில் 'பி' என்றும், விடுபட்ட வீட்டில் 'எக்ஸ்' என்றும் சாக்பீஸால் எழுதிவிட்டுப் போனார்கள் ஊழியர்கள்.

அந்தப் பயத்தின் வேர் பழையது. நெருக்கடிநிலைக் காலத்தில் கட்டாயக் கருத்தடைக்கு ஆட்களைப் பிடித்துப்போன நினைவு அங்கே ஆறியிருக்கவில்லை. கேட்ட குடிநீரும் சாக்கடை வசதியும் வராத தெருவுக்கு, கேட்காத மருந்து மட்டும் மாதாமாதம் வாசல் தேடி வருகிறதே, ஏன் என்று ஒரு தாய் கேட்டால் அது நியாயமான கேள்விதானே?

அதட்டல் அங்கே எடுபடவில்லை. அதே தெருக்களில் வாழும் பெண்கள் சொட்டு மருந்துப் பணிக்கு வந்து, வீடுவீடாக உட்கார்ந்து பேசினார்கள். அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகமும் ஜாமியா மில்லியா இஸ்லாமியாவும் துணை நின்றன. இமாம்கள் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் முகாம் நாளை அறிவித்தார்கள். உயிரைக் காப்பது மார்க்கக் கடமை என்று தாங்கள் மதிப்பவர்கள் சொல்லக் கேட்டதும் தாய்மார்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மருந்து குடித்த அடையாளமாகப் பிள்ளைகளின் இடது சுண்டுவிரலில் மை ஏறியது. சுவர்களில் 'எக்ஸ்' குறைந்து 'பி' கூடியது.

2009இலும் 741 பேருக்குப் போலியோ வந்தது. 2010இல் மேலும் திறன் வாய்ந்த சொட்டு மருந்து வந்து சேர்ந்தது. 2011 ஜனவரி 13 அன்று மேற்கு வங்கத்தின் ஹௌராவில் நோய் கண்ட பெண் குழந்தையோடு இயற்கையில் பரவும் போலியோ நம் நாட்டில் முடிந்தது. 2014 மார்ச் 27 அன்று அதற்கான சான்றிதழ் கிடைத்தது.

கேள்வி கேட்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு. பொறுமையாகப் பதில் சொல்லும் கடமை மருத்துவத்துக்கும் அரசுக்கும் உண்டு. ஆனால் நம் விவாதம் முடியும்வரை நோய் காத்திருக்காது. முடங்கிய காலை எந்த மருத்துவராலும் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது.

உங்கள் உறவிலோ தெருவிலோ தயங்கும் பெற்றோர் இருந்தால் ஏளனம் செய்யாதீர்கள். அவர்கள் பயம் என்னவென்று முதலில் கேளுங்கள். அவர்கள் மதிக்கும் பெரியவர் ஒருவரோடு மருத்துவரிடம் அழைத்துப்போங்கள். உங்கள் வீட்டுக் குழந்தையின் தடுப்பூசி அட்டையையும் இன்றே எடுத்துப் பாருங்கள். ஏதாவது விடுபட்டிருந்தால் இந்த வாரமே போட்டுவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்